துண்டு போட்டு மூடிய பெட்டி

ஏலே ராசா,

வாசலில் செருப்பைக் கழற்றியதும் நீ நேரே டிவி பக்கம்தான் வருவாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதை அந்த கேம் பெட்டியின் மேல் வைத்துவிட்டுப் போகிறேன். ஒட்டவில்லை, மடிக்கவும் இல்லை. உனக்கு முன்னால் யார் உள்ளே வந்தாலும் எடுத்துப் படிக்கட்டும், எனக்கு ஒளிவுமறைவு ஒன்றும் கிடையாது. ஒளிப்பதெல்லாம் உன் வேலை. நேரில் சொல்லலாமே என்பாய். நேரில் நான் வாயைத் திறந்தால் நீ வண்டிச் சாவியைத் தேடுவாய். காலையிலிருந்து போன் போட்டுப் பார்த்தாயிற்று. முதலில் கட் செய்தாய், அப்புறம் அணைத்தே வைத்துவிட்டாய். சம்பந்தி வீட்டில் உட்கார்ந்துகொண்டு அம்மாவிடம் ஏச்சு வாங்க உனக்குக் கூச்சம். சரி, இருக்கட்டும். காலண்டர் பிரஸ்ஸில் காலமெல்லாம் அடுத்தவர்கள் எழுதியதில் பிழை பார்த்துக்கொண்டிருந்தவள், இன்றைக்கு நானே எழுத உட்கார்ந்துவிட்டேன். நீளமாகத்தான் வரும். அதனால் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீதியைப் படிக்காமல் போனாலும் போ, இதை விட்டுவிடாதே. நாளைக்குத் திங்கட்கிழமை காலையில் அந்த அறையைத் திறக்காதே. யாரையும் திறக்கவும் விடாதே.

எந்த அறை என்று கேட்க மாட்டாய். இன்று காலையில் நீ கண்ணாடி முன்னால் நின்று தலை சீவிக்கொண்டிருந்தாய். சூலக்கரைக்குப் போய்ப் பெண் வீட்டாரோடு பத்திரிகை வாசகம் பேசி முடிக்க வேண்டும், உன் மாமா வண்டியை வைத்துக்கொண்டு வெளியே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். நான் உன் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே, “நேத்து மழையில லோடு போச்சாலே?” என்று சும்மாதான் கேட்டேன். “எங்கம்மா போச்சு? இடி மின்னல்னு ஆளுக எல்லாரையும் வெளியேத்தியாச்சு. கலக்குன மருந்து அறையில அப்படியே கெடக்கு. சாக்கைப் போட்டு மூடி வச்சிருக்கேன். திங்கக்கெழம வந்து செலுத்திக்கிடலாம்” என்றாய். ஊசி என் விரலில் ஏறியது. “மிச்ச மருந்தையாலே மூடி வச்சிருக்க?” என்றேன். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தாய். “பாதியில நிறுத்தி வச்சிருக்கேன்மா, நம்ம கேம் கணக்கா. வந்து விட்ட எடத்துலருந்து ஆட வேண்டியதுதான்” என்றாய். அந்தச் சிரிப்பு அப்படியே உன் அப்பா சிரிப்பு. பிள்ளை லட்சணமாய் இருக்கிறான் என்று ஒரு நிமிஷம் எனக்குத் தோன்றியது, பார். தாய் மனசுக்கு வெட்கமே கிடையாது.

பட்டாசுக் கம்பெனியில் கலந்த வெடிமருந்தை அன்றன்றைக்கே குழாயில் செலுத்தி முடித்துவிட வேண்டும், மிஞ்சினால் அன்றைக்கே முறைப்படி அழித்துவிட வேண்டும், ராத்தங்க விடக்கூடாது என்பதை உனக்கு நான் சொல்லித்தர வேண்டுமா? போர்மேன் பரீட்சையில் இதை எழுதித்தானே நல்ல மார்க் வாங்கினாய். உன் அப்பா போர்மேனாக இருந்த நாளில் சோற்றுத் தட்டு முன்னால் உட்கார்ந்து எத்தனை முறை சொல்லியிருப்பார். மருந்தில் ஈரக்காற்று ஏறிவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளுக்குள்ளேயே சூடேறிக்கொண்டிருக்கும், மூடி வைத்தால் அந்தச் சூடு போக வழியும் இல்லை என்பார். அப்போது நீ அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு, “எப்ப வெடிக்கும்ப்பா?” என்று கேட்பாய். “அது யாருக்குமே தெரியாதுலே. தொட்டாலும் வெடிக்கும், தொடாமலும் வெடிக்கும். ஒண்ணும் ஆகாமலும் போகும்” என்பார். நீ அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் பிடித்துக்கொண்டாய் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

நீ ஒன்பதாவது படித்த வருஷத்தை நினைத்துப் பார். நினைக்க மாட்டாய். நம் வீட்டில் யாருமே அதை நினைப்பதில்லை, பேசுவதும் இல்லை. அப்பா அறைக்குப் பக்கத்து அறை போர்மேன் நல்ல மனுஷன். சொந்தக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போகிற அவசரத்தில் சனிக்கிழமை மிஞ்சிய மருந்தை மூடி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். திங்கள் காலை உன் அப்பா சாப்பாட்டுத் தூக்கோடு அந்த அறையைத் தாண்டி நடந்து போனார். அவ்வளவுதான் அவர் செய்தது. நான் பிரஸ்ஸில் ஆடி மாதத் தாளைக் கையில் வைத்திருந்தேன். சத்தம் கேட்டதும் மெஷினை நிறுத்திவிட்டு எல்லாரும் மொட்டை மாடிக்கு ஓடினோம். நம் ஊரில் சத்தம் கேட்டால் யாரும் “என்ன?” என்று கேட்பதில்லை, “எந்தப் பக்கம்?” என்றுதான் கேட்பார்கள். அப்பா கம்பெனி இருந்த விஸ்வநத்தம் பக்கம் புகை நின்றது. மாடியில் நின்றவர்களில் அந்தப் பக்கம் ஆள் இல்லாதவர்கள் ஒவ்வொருவராகக் கீழே இறங்கிப் போனார்கள். நானும் இன்னும் இரண்டு பேரும்தான் மேலே நின்றோம்.

அந்த அறைக்குள் இருந்தவர்கள் யாரும் வரவில்லை. அந்த நல்ல மனுஷனும் வரவில்லை. உன் அப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு வேன் வரைக்கும் ஓடி வந்தவள் மாரீஸ்வரி. தன் சேலையை அவிழ்த்து அவர் முதுகில் சுற்றிவிட்டு உள்பாவாடையோடு வேனில் ஏறி ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தாள். அந்த மாரீஸ்வரிதான் இன்றைக்கு அதே விஸ்வநத்தத்தில், உன் கம்பெனியில், உன் அறையில் உனக்குக் கீழே வேலை பார்க்கிறாள். உன்னைத் தம்பி, தம்பி என்கிறாள். ஏன் இதையெல்லாம் சொல்கிறேன் என்று பின்னால் தெரியும்.

அப்பா வீடு திரும்பியபோது முதுகு ஆறிக்கொண்டிருந்தது, காது இரண்டும் போயிருந்தது. கட்டிலில் குப்புறப் படுத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டே கிடப்பார். நீயும் பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்வாய். இரண்டு பேரையும் பார்த்துவிட்டுத்தான் உன் மாமா சிங்கப்பூரிலிருந்து வந்தபோது அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தான். கறுப்புப் பெட்டி, இரண்டு கைப்பிடி, கூடவே ஒரே ஒரு சிடி. “எக்கா, அந்தக் காலத்துல காசு போட்டு ஆடுனாகள்ல, பெரிய பெரிய மெஷின்ல, அந்த ஆட்டம் அம்புட்டையும் ஒரே தட்டுல அடக்கிட்டான்” என்றான். டிவியில் போட்டதும் பழைய மெஷின்கள் வரிசையாய் நிற்கிற மாதிரி படம் வந்தது. மரப்பெட்டி, அதில் வண்ணம் வண்ணமாய்ப் பூச்சு, கீழே காசு போடுகிற ஓட்டை. எதன் முன்னால் போய் நிற்கிறாயோ அந்த ஆட்டம் திறக்கும். பூச்சிகள் வரிசை கட்டி இறங்குகிற ஆட்டம், பாறையைச் சுட்டு உடைக்கிற ஆட்டம், கார் ஆட்டம், வானத்திலிருந்து கோடு கோடாய் நெருப்பு விழ, கீழே இருக்கும் ஊரைக் காப்பாற்றுகிற ஆட்டம். எனக்கு அந்தக் கடைசி ஆட்டம் மட்டும் அடியோடு பிடிக்காது. ஊரைக் காப்பாற்றியே முடிக்க முடியாத ஆட்டம் என்ன ஆட்டம்?

ஆனால் அன்றைக்கு உன் அப்பா தலையைத் தூக்கினார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவராகத் தூக்கினார். பூச்சி ஆட்டத்தைப் பார்த்ததும் கட்டிலை விட்டு இறங்கி, தரையில் நகர்ந்து நகர்ந்து டிவிக்குப் பக்கத்தில் போய், அதன் தலைமேல் உள்ளங்கையை வைத்தார். நீ சுடச் சுட அவர் கையில் அதிர்வு ஏறியிருக்க வேண்டும். “அதேதாம்லே! விருதுநகர் பொருட்காட்சியில இருந்த மெஷினேதான்! கை சொல்லுதுலே!” என்று கத்தினார். காது கேட்காதவர் குரல் அளவில்லாமல் வரும், தெருவே திரும்பிப் பார்த்தது. கல்யாணத்துக்கு முன்னால் பங்குனிப் பொங்கல் பொருட்காட்சியில் அந்த மெஷினில் பஸ் காசு முழுவதையும் போட்டுத் தோற்றுவிட்டு, சூலக்கரை வரைக்கும் நடந்து, அப்புறம் கரி லாரியில் தொத்திக்கொண்டு வீடு வந்த கதையை அன்றைக்கு உனக்குச் சொன்னார். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நான் அடுப்படியில் நின்று அழுதேன். அந்தப் பெட்டிமேல் எனக்குக் கோபம் இருந்ததாக நீ நினைக்கிறாய். இல்லடா. உன் அப்பாவை எனக்குத் திருப்பிக் கொடுத்தது அதுதான்.

பின்னே எங்கே கோணலாகிப்போனது? யோசித்துப் பார்த்தால் ஒரு நாள் ஞாபகம் வருகிறது. உன் விமானம் வெடித்துச் சிதறியது. அப்பா “ச்சே, முடிஞ்சுபோச்சே” என்று கையை எடுத்தார். நீ ஒரு பொத்தானைத் தட்டினாய். டிவிக்குள் காசு விழுகிற சத்தம் கணீரென்று கேட்டது, எனக்கு. இன்னும் மூன்று உயிர் வந்தது. அப்பா புரியாமல் பார்த்தார். “காசே போடலையேலே?” என்றார். நீ ஒரு தாளை எடுத்து அவருக்கு எழுதிக் காட்டினாய், எனக்கும் வாய்விட்டுச் சொன்னாய். “இதுல காசு போட வேண்டாம்ப்பா. பட்டனத் தட்டுனா அதுவே போட்டுக்கிடும். எம்புட்டுத் தடவ வேணும்னாலும் சாகலாம்.” அப்பா தாளைப் படித்தார். திரும்பவும் படித்தார். “காசு தீந்துட்டா வீட்டுக்குப் போகணும்லே. அதான் ஆட்டம். இது என்ன ஏமாத்து?” என்று சொல்லிவிட்டுக் கட்டிலுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். நீ ஆடிக்கொண்டே இருந்தாய். காசு விழுகிற சத்தம் சாயங்காலம் வரைக்கும் விழுந்துகொண்டே இருந்தது, நாங்கள் யாரும் போடாத காசு.

அப்புறம் அந்தத் துண்டு விவகாரம். மறந்திருக்க மாட்டாய். பழைய ஆட்டமாதலால் விட்ட இடத்தைச் சேமித்து வைத்துக்கொள்ள அதில் வழி கிடையாது. ஒரேயடியாய் உட்கார்ந்து ஆட வேண்டும், எழுந்தால் போச்சு. நீ என்ன செய்தாய்? ஊரைக் காப்பாற்றுகிற ஆட்டத்தில் யாரும் போகாத தூரம் போய்விட்டாயாம். பள்ளிக்கூட நேரமாகிவிட்டது. ஆட்டத்தை நிறுத்தி வைத்து, டிவியை மட்டும் அணைத்து, பெட்டியை ஓடவிட்டு, சின்னச் சிவப்பு விளக்கு என் கண்ணில் படாமல் இருக்க அப்பாவின் ஈரிழைத் துண்டை நாலாய் மடித்து அதன்மேல் போட்டுவிட்டுப் போய்விட்டாய். மதியச் சாப்பாட்டுக்கு நான் பிரஸ்ஸிலிருந்து வந்தேன். கதவைத் திறந்ததும் ஒரு வாசனை, பிளாஸ்டிக் வேகிற வாசனை. அப்பா கட்டிலில் தூங்கிக்கொண்டிருக்கிறார், பக்கத்தில் அவருக்காக வாங்கி வைத்த பஞ்சு, எண்ணெய். துண்டில் கை வைத்தேன். சுட்டது. இன்றைக்கும் அந்தச் சூடு என் உள்ளங்கையில் இருக்கிறது. வயரைப் பிடுங்கி எறிந்தேன், ஆட்டம் மண்ணாவது மட்டையாவது.

சாயங்காலம் வந்து நீ போட்ட ஆட்டம் அதைவிடப் பெரியது. தட்டைத் தள்ளினாய். “நீ என் ஊரையே கொன்னுட்டம்மா” என்று அழுதாய். எனக்குச் சிரிப்பும் வந்தது, அடிக்கவும் கை ஓங்கியது. அப்பாதான் உன்னைக் கிட்டே இழுத்து உட்கார வைத்தார். உன் தலையைத் தடவிக்கொண்டே, தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னார். “அவ அணைச்சது சரிதாம்லே. மூடி வச்ச எதுவும் சும்மா இருக்காது. உள்ள வேல பாத்துக்கிட்டேதாம்லே இருக்கும்.” நீ தலையை ஆட்டினாய். பிள்ளைக்குப் புரிந்துவிட்டது என்று நான் நிம்மதியாய்ப் பாத்திரம் தேய்க்கப் போனேன். இத்தனை வருஷமாய் அந்த நிம்மதியோடுதான் இருந்தேன்.

இன்று காலை அதையும் பிடுங்கிக்கொண்டாய். நான் உன் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, “அன்னைக்கு அந்தத் துண்டு சுட்டது மறந்துபோச்சாலே ஒனக்கு?” என்றேன். நீ சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டே என்ன சொன்னாய்? “நீ அணைச்சதுக்கு அப்புறமும் எத்தன தடவ அப்படி விட்டுட்டுப் போயிருக்கேன் தெரியுமா? துண்டு போட்டாத்தான சுடுது, ஒனக்குத் தெரியுதுன்னு, கட்டிலுக்கு அடியில தள்ளி வச்சிட்டுப் போவேன். ஒண்ணும் ஆகலையே.” அப்பா படுத்திருந்த கட்டிலுக்கு அடியில்! நீயே மேலும் சொன்னாய், நான் கேட்காமலே. “மருந்தும் அப்படித்தாம்மா. போன சீசன்லயும் வச்சிருக்கோம், அதுக்கு முந்தியும் வச்சிருக்கோம். ஒண்ணும் ஆகல. நீ சும்மா பயந்து சாகாத.” மாமா திரும்பவும் ஹாரன் அடித்தான். நீ போய்விட்டாய். நான் கையில் ஊசியோடு நின்றேன்.

இதுதான்டா என்னைக் கொல்கிறது. அவசரத்தில் ஒரு நாள் தவறிவிட்டாய் என்றால் திட்டிவிட்டு விட்டுவிடுவேன். அன்றைக்கு நான் பிடுங்கியதிலிருந்து நீ கற்றுக்கொண்டது அம்மா கண்ணில் படாமல் எப்படி மூடுவது என்பதைத்தான். ஒவ்வொரு முறை ஒன்றும் ஆகாதபோதும் உனக்கு அந்தக் காசு விழுகிற சத்தம் கேட்டிருக்கிறது. யார் போட்ட காசு என்று நீ கேட்கவே இல்லை. ஒன்றும் ஆகாமல் போன ஒவ்வொரு திங்கட்கிழமையும் உன் சாமர்த்தியம் என்று எண்ணிக்கொண்டாய். பக்கத்து அறை போர்மேனும் அதற்கு முன்னால் பலமுறை மூடி வைத்திருப்பார், ஒன்றும் ஆகியிருக்காது. அவரும் கிரகப்பிரவேசத்தில் சிரித்துப் பேசிச் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருப்பார்.

கார்த்திகையில் கல்யாணத்தை வைத்துக்கொண்டு பிள்ளையை இப்படித் திட்டி எழுதுகிறாளே என்று படிக்கிறவர்கள் நினைக்கலாம். கல்யாணம் என்பதால்தான் எழுதுகிறேன். வரப்போகிற பிள்ளை நல்ல பிள்ளை, கணக்குப் படித்தவள், வாய் கொஞ்சம் அதிகம், எனக்குப் பிடித்திருக்கிறது. அவளிடம் ஒருநாளும் “ஒண்ணும் ஆகாது” என்று சொல்லாதே. அந்த வார்த்தையைச் சொல்கிறவனுக்கு எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும், கேட்கிறவள்தான் சாயங்காலம் வரைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் பார்த்திருக்கிறேன். சண்டை வந்தால் சண்டை போடு, தட்டைத் தள்ளு, கத்து. மூடி மட்டும் வைக்காதே. உன் அப்பாவுக்கும் எனக்கும் இத்தனை வருஷம் ஓடியது கத்திக் கத்தித்தான். காது போன பிறகு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி எழுதிச் சண்டை போட்டோம். ஒரு வருஷத்துத் தாள் முழுக்கத் தீர்ந்திருக்கிறது.

சரி, இன்று நான் செய்ததைச் சொல்கிறேன், நீ வெளியில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டாம். முதலில் உங்கள் மேனேஜருக்குப் போன் போட்டேன். அவர் நான் சொல்லி முடிக்கும் முன்னாலேயே, “எம்மா, இதெல்லாம் போன்ல பேசாதீக. சீசன் நேரம். ஒங்க மகன் வெவரமான பய, பாத்துக்கிடுவான்” என்று வைத்துவிட்டார். அப்புறம் கம்பெனி வாசலுக்கே போனேன். வாட்ச்மேன் அண்ணன், “எனக்கு நாளைக் காலையில டூட்டி முடிஞ்சிரும் தங்கச்சி. அடுத்து வர்றவன்ட்ட சொல்லிப் பாக்கேன்” என்றார். சொல்வாரோ, மறப்பாரோ. கம்பிக் கதவு வழியாக உன் அறையைப் பார்த்தேன். மழை பெய்து கழுவிவிட்ட சுவர், சாத்திய கதவு, படியில் ஒரு நாய் சுருண்டு படுத்திருந்தது. ஒன்றுமே நடக்காத இடம் மாதிரித்தான் இருந்தது. அந்த நாயை விரட்ட வேண்டும் என்று என்னவோ மனசு அடித்துக்கொண்டது. கல்லை எடுத்து எறிந்தேன், அது எழுந்து போகவில்லை.

அங்கிருந்து உன் அறையில் வேலை பார்க்கிற பெண்கள் வீட்டுக்குப் போனேன். ஆமாம், உன் மானத்தை வாங்கத்தான் போனேன். செல்லத்தாயிடம் நாளைக்கு வேனில் ஏறாதே என்றேன். என்ன விஷயம் என்று சொன்னதும் அவள் பயப்படவில்லை. “தெரியும்க்கா. தம்பி சொல்லி நாங்கதான சாக்கைப் போட்டோம்” என்றாள். “தெரிஞ்சுமாடி வாயைப் பொத்திக்கிட்டு இருந்தீக?” என்று சத்தம் போட்டேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். “வேற ஆளு சொல்லியிருந்தா மாட்டேன்னுருப்போம்க்கா. அந்த அண்ணனுக்கு நடந்ததப் பாத்து வளந்த பிள்ள. அந்த வீட்டுப் பிள்ள தப்பு செய்யாதுன்னுதான்க்கா இருந்தோம்” என்றாள்.

கேட்டாயா? உன் போர்மேன் பரீட்சை மார்க்கை நம்பி அவர்கள் அந்த அறைக்குள் போகவில்லை. உன் அப்பா முதுகை நம்பிப் போகிறார்கள். அவர் வெந்ததை நீ அவர்களுக்கு உத்தரவாதமாய்க் காட்டிவிட்டாய், அவருக்கே தெரியாமல். அப்புறம் அவளே எழுந்து என்கூட வந்து மற்றவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினாள். ஒருவரும் நாளைக்கு வர மாட்டார்கள். வேன் காலியாகத்தான் வரும். உன் ஆர்டர் நின்று போகும், முதலாளி கேட்பார், வேலை போனாலும் போகும், அது சூலக்கரைக்கும் எட்டும், கல்யாணம் தள்ளிப் போனாலும் போகும். எல்லாம் யோசித்துவிட்டுத்தான் செய்தேன். அன்றைக்கு வயரைப் பிடுங்கியதற்கும் நான் வருத்தப்பட்டதில்லை, இதற்கும் படப்போவதில்லை.

ஆனால் மாரீஸ்வரியைப் பார்க்க முடியவில்லை. தங்கச்சி மகளுக்குச் சடங்கு என்று ஆனைக்குட்டம் போயிருக்கிறாளாம். அவளிடம் போன் கிடையாது. நாளைக்கு அங்கிருந்தே முதல் பஸ்ஸைப் பிடித்து நேரே வேலைக்கு வந்துவிடுவாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். எல்லாருக்கும் முன்னால் வந்து சாவியை வாங்கி, அறையைத் திறந்து, பெருக்கி, சாமான்களை எடுத்து வைக்கிறவள் அவள்தானே. சாக்கை முதலில் எடுக்கப்போகிற கை அவளுடையது. உன் அப்பாவைத் தூக்கி வந்த கை.

நான் இப்போது ஆனைக்குட்டம் பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன். எந்தத் தெரு, யார் வீடு என்று எனக்குத் தெரியாது, சடங்கு வீட்டில் ரேடியோ சத்தம் கேட்கும், தேடிக்கொள்வேன். பார்த்துவிட்டால் கையோடு கூட்டி வருவேன். அவள் அதற்குள் வேறு யார் வீட்டுக்காவது போயிருந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் நீ என்னை நம்பி உட்கார்ந்திருக்காதே. இதைப் படித்த கையோடு முதலாளி வீட்டுக்குப் போ. நடந்ததை உன் வாயால் சொல். இதற்கென்று தெரிந்தவர்களைக் கூட்டி வந்து அவர் செய்ய வேண்டியதைச் செய்யட்டும். யாருக்கும் தெரியாமல் நீயே போய் அள்ளிக் கொட்டிவிட்டு வந்துவிடலாம் என்று ஒரு யோசனை இந்நேரம் உன் தலைக்குள் ஓடும். உன்னைப் பெற்றவளுக்குத் தெரியாதா? அந்த யோசனையும் மூடி வைப்பதுதான். அந்தக் கதவுக்குப் பக்கத்தில் நீ தனியாகப் போகக் கூடாது. சாவியை வாட்ச்மேனிடமிருந்து முதலாளியே வாங்கட்டும். வெட்கமாய் இருக்கும். இருக்கட்டும், வெட்கத்தில் யாரும் சாவதில்லை.

கடைசியாக உன் அப்பா. அவரிடமும் எழுதிக் காட்டிவிட்டேன், மூடி வைக்கவில்லை. ஆவணி மாதத் தாளின் பின்பக்கத்தில், “மகன் மிச்ச மருந்தை சாக்கு போட்டு வைத்திருக்கிறான்” என்று எழுதிக் கொடுத்தேன். படித்தார். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, எழுந்து வந்து டிவிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். டிவி ஓடவில்லை. ஆட்டம் பார்க்க நினைக்கிறாரோ என்று பெட்டியைக் காட்டி, போடட்டுமா என்று சைகையில் கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, சுவரில் உள்ளங்கையை அழுத்தி வைத்தார். “இந்தச் சுவருதான் விஸ்வநத்தம் பக்கம்” என்றார். காது போன பிறகு முதல் முறையாக அவரிடமிருந்து மெல்லிய குரலில் வந்தது அது.

நான் இதை எழுதத் தொடங்கியதிலிருந்து அவர் அந்தக் கையை எடுக்கவில்லை. காப்பி வைத்தேன், ஆறிப்போய்க் கிடக்கிறது. நீ உள்ளே வருவது அவருக்குக் கேட்காது, கதவு சாத்துவதும் கேட்காது. அதனால் இந்தத் தாளைக் கீழே வைத்ததும் முதலாளி வீட்டுக்கு ஓடும் முன்னால் ஒரு நிமிஷம் அவர் பக்கத்தில் உட்கார். தோளைத் தொடு. நான் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்ப்பா என்று அவர் முகத்துக்கு நேரே சொல், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். நீ சொல்கிற வரைக்கும் அவர் அந்தச் சுவரிலிருந்து கையை எடுக்க மாட்டார்.

அம்மா